பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார்: ஆம்பியன்ட் சோதனை இசை பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

செல்லோவோடு ஃப்ரிட்ஜின் ரீங்காரம், பியானோவோடு டேப் ஓடும் இரைச்சல், நரம்பிசைக் குழுவோடு பழைய கணினி. இப்படிப்பட்ட இசையைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன், கொஞ்சம் செய்தும் பார்க்கிறேன். யாருக்குப் போட்டுக் காட்டினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் பாதி பதில் சொல்லி விட்டுவிடுகிறேனே என்று ஒரு குறை இருந்தது. அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதிவிட்டேன்.

முதலில், இது என்ன இசை?

பியானோ, வயலின், செல்லோ, ஆர்கன், ஹார்ப் மாதிரியான செவ்வியல் கருவிகளை எடுத்துக்கொண்டு, அவற்றோடு சிந்தசைசர், டேப் லூப் (முனைகளை ஒட்டி வளையமாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிடும் டேப்), கணினியில் உருமாற்றிய ஒலி, மோட்டார், ரயில், டைப்ரைட்டர், மின் ரீங்காரம் எல்லாவற்றையும் சேர்த்து, மெதுவாக நகரும் ஒரு ஒலிவெளியை உண்டாக்குவது. பாட்டு என்று சொல்வதைவிட ஒரு இடம் என்று சொல்லலாம். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறோம்.

மெட்டும் இல்லை, தாளமும் இல்லை. அப்போ எதைத்தான் கேட்பது?

நியாயமான கேள்வி. மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் அடுத்த சுரம் என்ன என்பதில் இங்கே பெரிய விஷயம் நடப்பதில்லை. ஒரே சுரத்துக்குள் நடக்கிறது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்திவிட்டு விரலை எடுக்காமல் அப்படியே கேளுங்கள். முதலில் ஒரு தட்டல், அப்புறம் ஒலி விரிகிறது, மேல் ஸ்தாயி அதிர்வுகள் சீக்கிரம் உதிர்ந்து போகின்றன, அடியில் இருப்பவை கொஞ்சம் அசைந்துகொண்டே நெடுநேரம் தேய்கின்றன. சாதாரணமாக இந்தக் கார்வை முடிவதற்குள் அடுத்த சுரம் வந்துவிடும். இந்த இசையில் அது வராது, அல்லது மிகத் தாமதமாக வரும், அந்த இடைவெளியில்தான் ஒரு மின்விசிறியின் சுழற்சியோ டேப்பின் இரைச்சலோ மெல்ல முன்னால் வந்து நிற்கும். எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று காது தடுமாறும் கணம் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் இந்த இசையின் மையம்.

வயலின் மட்டும் போதாதா? இயந்திரச் சத்தம் எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் நீளமான பதில் இருக்கிறது.

வாத்தியமும் ஒரு இயந்திரம்தான். பியானோவைத் திறந்து பாருங்கள்: 88 கட்டைகள், 200-க்கும் மேற்பட்ட கம்பிகள், ஒவ்வொரு கட்டைக்கும் நெம்புகோல், சுத்தி, உச்ச ஸ்தாயிக் கட்டைகள் தவிர மற்றவற்றுக்கு அதிர்வை அடக்கும் மெத்தை என்று ஆயிரக்கணக்கான பாகங்கள். பெரிய கான்சர்ட் பியானோவில் அத்தனை கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் ஏறக்குறைய 20 டன் வரும், அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். ஆர்கனில் காற்று ஊதும் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வயலின் வில்லில் குதிரைமுடி கம்பியைப் பற்றி இழுத்து விடுகிறது, பற்றி இழுத்து விடுகிறது, வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை. கட்டையின் டக் ஒலி, பெடலின் முனகல், வில்லின் உரசல், வாசிப்பவரின் மூச்சு எல்லாம் எப்போதும் அங்கே இருந்தவைதான். அவை கேட்கக்கூடாது என்று மைக்கைத் தள்ளி வைத்தார்கள், கேட்டால் வெட்டியும் எடுத்தார்கள்.

இந்த இசைக்காரர்கள் மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். அப்படிக் கேட்டால் பியானோவின் உள்ளே ஒரு சின்னத் தொழிற்சாலை ஓடுவது தெரிகிறது. அதன் பக்கத்தில் நிஜமாகவே ஒரு மோட்டாரின் ஒலியை வைக்கும்போது அது அந்நியமாகத் தெரிவதில்லை, தூரத்து உறவுக்காரர் வந்த மாதிரி இருக்கிறது. நல்ல படைப்புகளில் இயந்திரம் அலங்காரமாக வராது. வாத்தியத்துக்குள் நாம் கவனிக்காமல் விட்டதைக் காட்டிக் கொடுக்கத்தான் வரும்.

நம் தம்புராவையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளைத் தாங்கும் பாலமான குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒலி விரிந்து ரீங்காரமிடும் இடத்தில் நிறுத்துவார்கள். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இது புது மோகமா?

நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. 1913-இல் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருசோலோ, இசைக்கு இனி இரைச்சலும் வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினார். எழுதியதோடு நிற்காமல், கைப்பிடியைச் சுற்றினால் உறுமவும் சீறவும் செய்யும் பெட்டிகளைச் செய்து அடுத்த வருடமே மிலானில் கச்சேரியும் நடத்தினார். 1917-இல் பாரிஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் பாலே நடனம் ஒன்றில் இசைக்குழுவோடு டைப்ரைட்டரும் சைரனும் துப்பாக்கி வெடியும் ஒலித்தன. 1940-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு நடனத்துக்கு இசையமைக்க வேண்டிய ஜான் கேஜ், மேடையில் தாளக் கருவிகளுக்கு இடம் இல்லாததால் பியானோக் கம்பிகளுக்கு நடுவே திருகாணி மாதிரியான பொருட்களைச் செருகினார். ஒரே பியானோ ஒரு தாளக்குழுவாக மாறிவிட்டது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1948. பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர், ரயில் நிலையத்தில் பதிவு செய்த இன்ஜின், சக்கர ஒலிகளை மட்டுமே வைத்து ஒரு சிறிய இசைத்துண்டு செய்தார். அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு இன்றைக்கும் இந்த இசையின் அஸ்திவாரம்: மணி அடித்த பதிவில் அந்த அடியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் கேட்டால் அது மணி மாதிரியே இல்லை, ஏதோ ஊதுகருவி போல ஒலிக்கிறது. ஒரு ஒலியை இன்னது என்று காது அடையாளம் காண்பதில் அதன் தொடக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தொடக்கத்தை எடுத்துவிட்டால் பியானோவும் மின் மோட்டாரும் ஒன்றையொன்று நெருங்கிவிடும்.

ஆம்பியன்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்காக வெளியிட்ட ஆல்பத்தில், சூழலைச் சார்ந்தது என்று பொருள்படும் அந்தப் பெயரைப் போட்டார். ஆனால் விதை 1975-இல் விழுந்தது. விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு தோழி பழைய ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு சிரமப்பட்டு எழுந்து தட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தால், ஒலி மிகவும் குறைவாக இருக்கிறது, இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று பாடவே இல்லை. மறுபடி எழுந்து சரிசெய்யத் தெம்பு இல்லை. வெளியே மழை. ஹார்ப்பின் உரத்த சுரங்கள் மட்டும் மழைக்கு நடுவே அங்கங்கே தலைகாட்டின. அறையின் வெளிச்சம் போல, மழை போல, இசையும் சூழலின் ஒரு பகுதியாக இருக்க முடியும் என்று அப்போதுதான் தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார்.

சாட்டி 1917-லேயே 'அறைகலன் இசை' என்று இதே மாதிரி ஒன்றை யோசித்துவிட்டார். 1920-இல் அதை வாசித்தபோது, தயவுசெய்து கவனிக்காதீர்கள், பேசிக்கொண்டிருங்கள் என்று கேட்டுக்கொண்டும், ஜனங்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போ தியானத்துக்கும் தூக்கத்துக்கும் போடும் இசைதானே இது?

அதற்கும் பயன்படுத்தலாம், தப்பில்லை. மாக்ஸ் ரிக்டர் 2015-இல் எட்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஒரு படைப்பைத் தூங்குகிறவர்களுக்காகவே செய்தார். ஆனால் இந்த வகை முழுவதையும் அப்படிச் சுருக்கிவிடக் கூடாது. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் 'டிஃபரன்ட் டிரெய்ன்ஸ்' 1988-இல் வந்தது. அதை ஆம்பியன்ட் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் வாத்தியமும் இயந்திரமும் கலப்பதைப் பற்றிப் பேசினால் அதைத் தாண்டிப் போக முடியாது. நான்கு நரம்பிசைக் கருவிகள், ரயில் ஒலி, மனிதர்களின் பேச்சுப் பதிவு. சிறுவனாக அமெரிக்காவில் ரயிலில் போய்வந்த அதே வருடங்களில், ஐரோப்பாவில் தன்னைப் போன்ற யூதக் குழந்தைகள் வேறு ரயில்களில் ஏற்றப்பட்டார்கள் என்ற நினைவில் செய்த படைப்பு. பேச்சின் ஏற்ற இறக்கத்தையே வயோலாவும் செல்லோவும் பிடித்து வாசிக்கும். அந்த ரயில் ஊதல் என்னை ஒருநாளும் தூங்கவிட்டதில்லை.

ஒரே லூப் திரும்பத் திரும்ப வந்தால் அலுக்காதா?

ஒரே ஒரு லூப் என்றால் அலுக்கும். சூட்சுமம் நீளங்களில் இருக்கிறது. பியானோவில் ஒரு சுரம், 7 வினாடிக்கு ஒருமுறை வருகிறது என்று வையுங்கள். செல்லோவில் ஒன்று 11 வினாடிக்கு ஒருமுறை. ஏதோ இயந்திரத்தின் பெருமூச்சு 13 வினாடிக்கு ஒருமுறை. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டால், மறுபடி மூன்றும் ஒரே கணத்தில் சேர 1001 வினாடி ஆகும், அதாவது பதினாறரை நிமிடத்துக்கும் மேல். அதுவரைக்கும் ஒவ்வொரு சந்திப்பும் புதுசு. மூன்றே ஒலிதான், எதையும் மாற்றவில்லை, ஆனாலும் இசை தன்னைத்தானே எழுதிக்கொண்டு போகிறது. ஈனோவின் அந்த ஆல்பத்தில் ஒரு பகுதி இப்படித்தான் நடக்கிறது: பாடிப் பதிவு செய்த ஒற்றைச் சுரங்கள், ஒன்று இருபத்து மூன்றரை வினாடிக்கு ஒருமுறை, இன்னொன்று கிட்டத்தட்ட 26, மற்றொன்று கிட்டத்தட்ட 30. டேப் அவ்வளவு நீளம் என்பதால் ஸ்டுடியோவில் உலோக நாற்காலிகளைச் சுற்றி ஓடவிட்டார்கள்.

ஒரே ஒரு படைப்பைக் கேட்கிறேன், எதைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம். ஐஸ்லாந்தின் யோஹான் யோஹான்சன் 2006-இல் வெளியிட்ட 'ஐபிஎம் 1401: எ யூசர்ஸ் மேனுவல்'.

கதை இதுதான். அவருடைய அப்பா ஐஸ்லாந்தில் ஐபிஎம் கணினிகளைப் பராமரித்த பொறியாளர். 1401 என்ற அந்தக் கணினிக்கு இசை வாசிக்கும் வசதி எதுவும் கிடையாது. ஆனால் அதன் நினைவகம் வேலை செய்யும்போது மின்காந்த அலைகளை வெளிவிடும், பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தால் அது ஒலியாகக் கேட்கும். எந்த வேலையைக் கொடுத்தால் எந்தச் சுரம் வரும் என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப நிரல் எழுதி, கணினியைப் பாட வைத்தார்கள். 1971-இல் அந்த இயந்திரம் ஓய்வு பெற்றபோது அந்தப் பாட்டை டேப்பில் பதிந்தும் வைத்தார்கள். மகன் பல வருடம் கழித்து அந்த டேப்பை எடுத்து, 60 பேர் கொண்ட நரம்பிசைக் குழுவை அதைச் சுற்றி எழுப்பினார். தொடக்கத்தில் கணினியின் மெல்லிய, சற்று நடுங்கும் குரல் மட்டும் தனியாக வருகிறது, அப்புறம் வயலின்கள் அதைத் தாங்கிப் பிடிப்பது போல அடியிலிருந்து எழுகின்றன. இயந்திரம் அழுகிறதா, அதற்காக மனிதர்கள் அழுகிறார்களா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யோஹான்சன் 2018-இல், 48 வயதிலேயே இறந்துவிட்டார். அப்பாவின் டேப்பும் மகனின் எழுத்தும் இப்போது ஒரே பதிவில் சேர்ந்து இருக்கின்றன.

இயந்திரச் சத்தம் மட்டும் வைத்தே முழு இசையையும் செய்ய முடியுமா?

முடியும். ஹில்டர் குட்னடோட்டிர் அடிப்படையில் செல்லோ கலைஞர். 2019-இல் வந்த 'செர்னோபில்' தொடருக்கு அவர் செல்லோவைத் தொடவில்லை. லித்துவேனியாவில் மூடப்பட்ட அணுமின் நிலையம் ஒன்றுக்குப் போய், அங்கே இருந்த அறைகள், கதவுகள், பம்புகளின் ஒலியைப் பதிந்து வந்து, அதிலிருந்தே இசையைக் கட்டினார். அதோடு சேர்ந்தது மனிதக் குரல் மட்டும்தான். நரம்பிசைக்காரரின் காதுதான் அங்கேயும் வேலை செய்திருக்கிறது என்று கேட்டாலே தெரியும்.

பழுதான கருவி, அழிந்த டேப் என்றால் ஏன் இவர்களுக்கு இவ்வளவு பிரியம்?

காலம் நேரடியாகக் கேட்கும் என்பதால். ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோ, 2011-இல் அங்கே வந்த சுனாமியில் மூழ்கிய ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோவைத் தேடிப் போய் வாசித்தார். சுருதி கலைந்து, சில கட்டைகள் எழும்பாமல் இருந்த அந்தப் பியானோவின் ஒலி 2017-இல் வந்த 'அசிங்க்' ஆல்பத்தில் இருக்கிறது. பியானோ என்பது மரத்தையும் இரும்பையும் மனிதன் பலவந்தமாக இறுக்கிப் பிடித்துவைத்த ஒன்று, இயற்கை அதைத் தன் சுருதிக்கு மீட்டுக்கொண்டது என்ற நோக்கில் அவர் பேசியிருக்கிறார்.

அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பாசின்ஸ்கி 2001-இல் தன் பழைய டேப் லூப்களைக் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தார். ஓட ஓட, டேப்பின் மேலிருந்த காந்தப் பூச்சு உதிர ஆரம்பித்தது. அவர் நிறுத்தவில்லை. ஒரு சின்ன இசைத்துண்டு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஓட்டை விழுந்து, கடைசியில் வெறும் மூச்சாகிறது. இப்படிப் பதிந்த லூப்களில் முதலாவது மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அவசரமாக இருக்கும் நாளில் போட வேண்டாம்.

எப்படிக் கேட்பது? ஹெட்போன் கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கீழ் ஸ்தாயி ரீங்காரம் அதில் வரவே வராது, பாதி இசை போய்விடும். இன்னொன்று, ஒலியளவைக் குறைத்தால் எல்லாமே சமமாகக் குறைவதில்லை. மெல்லிய ஒலியில் அடித்தளச் சுரங்களுக்கு நம் காது மந்தமாகிவிடும். அதனால் மெதுவாக வைத்துக் கேட்டால் ஒரு இசை, சற்று ஏற்றிக் கேட்டால் வேறு இசை. இரண்டும் சரியான கேட்பு முறைதான். நான் முதல் தடவை வேலைக்கு நடுவே மெல்ல ஓடவிடுவேன், பிடித்தால் இன்னொரு நாள் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன்.

நானும் செய்து பார்க்கணும். என்னென்ன வேண்டும்?

ஒரு வாத்தியம், ஒரு ஃபோன், ஆடியோ எடிட் செய்யும் இலவச மென்பொருள் ஒன்று. இவ்வளவு போதும்.

ஃபோனில் ஒரு கண்ணி இருக்கிறது. பேச்சைப் பதிவதற்காகச் செய்த ரெக்கார்டர்கள் பலவும் பின்னணியில் சீராக ஓடும் ஒலியை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்தச் சீரான ஒலிதான்! ஆகவே அந்தச் சுத்திகரிப்பை அணைக்க முடிகிற, சுருக்காத கோப்பாகப் பதியும் ஆப் ஒன்றைத் தேடுங்கள். அப்புறம் ஆசை வந்தால் ஒரு பீசோ தகடு வாங்குங்கள். நாணயம் மாதிரி வட்டமாக இருக்கும், காற்றில் வரும் ஒலியைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது, தொடும் பொருளின் அதிர்வைத்தான் எடுக்கும். அதை வாஷிங் மெஷினின் உடம்பில் ஒட்டிக் கேட்டபோது, வெளியே வெறும் கடகடப்பாக இருந்தது உள்ளே ஆழமான ஒரு கோரஸாக இருந்தது. நேராக எந்த உள்ளீட்டிலாவது செருகினால் ஒலி சன்னமாக, உயிரில்லாமல் வரும், கிட்டார் செருகும் உள்ளீடு இருந்தால் அதில் போடுங்கள். எந்தச் சாதனத்தையும் மின்சாரத்தோடு திறக்காதீர்கள், வெளியே ஒட்டினாலே போதும்.

இயந்திரத்துக்கும் வாத்தியத்துக்கும் சுருதி சேரவே மாட்டேன் என்கிறதே?

இயந்திரம் இறங்கி வராது, வாத்தியம்தான் போக வேண்டும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 50 அதிர்வு) ஓடும் நாடுகளில் டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். செல்லோவின் ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டு முறை ஒலி அலைபோல எழுந்து தணியும். அந்த அலையே அழகுதான், அப்படியே விடலாம். வேண்டாம் என்றால் கம்பியை ஒரு மயிரிழை ஏற்றுங்கள், அலை மெதுவாகி நின்றுவிடும், அப்போது அறை முழுவதும் ஒரே ஒலியாக ஆகும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் ரீங்காரம் 120, அது பியானோவின் இரண்டு கட்டைகளுக்குச் சரியாக நடுவில் விழும் என்பதால் பியானோக்காரர்கள் பதிவைத்தான் சற்று ஏற்றி இறக்க வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்ட் யங், சிறுவயதில் கேட்ட டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரத்திலிருந்தே தன் நீண்ட சுரங்களுக்கான வழியைக் கண்டவர். பின்னால் அவரும் இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலியும் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடர்களாகச் சேர்ந்து தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மிக்ஸ் செய்தால் எல்லாம் குழைந்து சேறாகிவிடுகிறது.

ரிவர்ப், அதாவது ஒலி அடங்காமல் அறையில் சுற்றிவரும் எதிரொலி, அதிகமாகிவிட்டது, அல்லது ஒலிகள் அதிகம். இயந்திர இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும், வாத்தியத்தின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். செல்லோ இருக்கும் பகுதியை இயந்திரத்தின் ட்ராக்கில் ஈக்வலைசரால் (ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) கொஞ்சம் குடைந்து விடுங்கள், செல்லோ தானாக வெளியே வரும். என் ஆரம்பப் பதிவுகளில் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வைத்திருந்தேன். இப்போது நான்குக்கு மேல் போவதில்லை.

ரிவர்ப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் தன் அக்கார்டியனோடும் இரண்டு நண்பர்களோடும் 1988-இல் வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்தடியில் இருந்த ஒரு காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார். அங்கே ஒரு ஒலி அடங்க 45 வினாடி ஆகும். வாசித்த சுரம் திரும்பி வந்து, அடுத்த சுரத்தோடு கலந்து, யார் வாசித்தது என்றே தெரியாமல் போகும். அதனால் மூன்று பேரும் வாசித்ததைவிடக் காத்திருந்து கேட்டதுதான் அதிகம் என்று அந்தப் பதிவைக் கேட்கும்போது தோன்றுகிறது. மென்பொருளில் அதே 45 வினாடியை ஒரு பொத்தானில் போடலாம், ஆனால் அந்தக் காத்திருப்பையும் சேர்த்துப் போட வேண்டும்.

எனக்கு ராத்திரியில்தான் நேரம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவாகுமே?

ஜெர்மனியின் நில்ஸ் ஃப்ராமுக்கும் இதே பிரச்சினை. பியானோவின் சுத்திகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே தடித்த கம்பளித் துணியை வைத்து ஒலியை அடக்கினார், பிறகு அந்த முணுமுணுப்பைப் பிடிக்க மைக்குகளைக் கம்பிகளை ஒட்டி உள்ளே கொண்டுபோனார். கம்பியின் ஒலி குறைந்த இடத்தில் மரத்தின் கிரீச்சும், சுத்தி திரும்பி விழும் டக்கும், அவருடைய மூச்சும் நிரம்பிவிட்டன. 2011-இல் வந்த 'ஃபெல்ட்' முழுவதும் அந்த ஒலிதான். உங்களிடம் நிமிர்ந்த பியானோ இருந்தால் நடுப்பெடலை அழுத்திப் பாருங்கள், பலவற்றில் அதே துணி ஏற்கெனவே உள்ளே தொங்கும். வயலின் என்றால் குதிரை மேல் ஒலியைக் குறைக்கும் ஒரு மியூட். மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஃபேனை ஓடவிட்டே பதிவு செய்யுங்கள்.